44 வயதில் எலக்ட்ரீஷியன் ஆகலாமா?

கேள்வி: கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு ஆலையில் 16 வருடமாக ஸ்டோர் கிளார்க். நிரந்தர வேலை, பி.எஃப்., இஎஸ்ஐ உண்டு. வீட்டில் ஃபேன், மோட்டார் ரிப்பேரெல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். வேலையை விட்டுவிட்டு முறையாக எலக்ட்ரீஷியன் ஆகலாமா? சோலார் பயிற்சி என்று ஒருவர் கட்டணம் கேட்கிறார், சேரலாமா? மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆகலாம். ஆனால் ராஜினாமா கடிதத்தை இப்போது எழுத வேண்டாம். வயதைவிட லைசென்ஸ்தான் உங்களுக்குப் பெரிய இடைஞ்சல்.

அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு 2 வருடப் படிப்பு. பேட்டை ஐடிஐயில் விசாரித்தால், ஆண்களுக்கு 40 வயது வரைதான் என்பார்கள். (பெண்களுக்கு மேல் வரம்பு கிடையாது. இதே ஆசை உங்கள் வீட்டம்மாவுக்கு வந்திருந்தால் நேராகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.) உங்களுக்கு இருக்கும் வழி மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயதுக்கு மேல் யாரும் எழுதலாம். ஆனால் வயரிங் வேலையில் 5 வருட அனுபவம் வேண்டும். இன்றைக்கே கையாளாகப் போனாலும் 49 ஆகிவிடும். அந்த அனுபவச் சான்றை ‘ஏற்பாடு பண்ணித் தருகிறேன்’ என்று யாராவது வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமலே ஊரில் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், தெரியும். ஒரு வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்துப் போலீஸ் வரும்போதுதான் கான்ட்ராக்டர் யார், வயர்மேன் யார் என்ற கேள்வி வரும்.

அதனால் முதலில் உங்கள் ஆலைக்குள்ளேயே கேளுங்கள். ஸ்டோரிலிருந்து எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸுக்கு மாற்றுவார்களா? கான்டாக்டர், ரிலே, கேபிள் லக் எல்லாம் உங்கள் கை வழியாகத்தான் அங்கே போகிறது. சாமான்களின் பெயர் தெரிந்த ஆளை அவர்களும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சம்பளம், பி.எஃப். எதுவும் நிற்காது. அந்த அனுபவம் தேர்வுக்குச் செல்லுமா என்பதை மட்டும் பேட்டையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அது நடக்கவில்லையென்றால், லைசென்ஸ் உள்ள ஒரு கான்ட்ராக்டரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கையாளாகப் போங்கள். இது சான்றுக்காக இல்லை, உடம்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக. நம் ஊர் சித்திரை வெயிலில் பூசாத சுவரில் காடி வெட்டிப் பைப் பதிப்பது 44 வயது முட்டிக்கும் தோளுக்கும் விளையாட்டு இல்லை. கூட இருக்கும் 25 வயதுப் பையன் உங்களை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவான், ஆனால் ஏணியில் ஏறச் சொல்வதும் அவன்தான். அது உறுத்தினால் அங்கேயே தெரிந்துவிடும். போவதற்கு முன் கண் டாக்டரிடம் நிறக்குருடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, பச்சை பிரித்துத் தெரியாதவருக்கு இந்தத் தொழில் ஆபத்து.

புது வீட்டு வயரிங்கில் பாயின்ட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஓடும் பையன்களோடு உங்களால் போட்டி போட முடியாது. உங்கள் இடம் பழைய வீட்டுப் பழுது. ஒரு உதாரணம்: ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று கூப்பிடுவார்கள். பையன் வந்து ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்சிபி சுவிட்சை ஒவ்வொன்றாக ஆஃப் செய்வான். எதை ஆஃப் செய்தாலும் விழும், உடனே ‘ஆர்சிசிபி போச்சு, புதுசு போடணும்’ என்பான். இந்த சுவிட்ச்கள் உள்ள வீட்டு டிபி பாக்ஸில் பெரும்பாலும் இருக்கும் ஒற்றை எம்சிபி, கரண்ட் வரும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் அப்படியே கிடக்கும். பாத்ரூம் சுவருக்குள் நியூட்ரல் வயர் உரிந்து எர்த்தோடு ஒட்டியிருந்தால், வேறு அறையில் லைட் எரியும்போதுகூட அந்த கரண்டில் கொஞ்சம் எர்த் வழியாகப் போகும். போவதற்கும் வருவதற்கும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் ஆர்சிசிபி விழுந்துவிடும். மெயினை ஆஃப் செய்து, நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சீட்டு ஒட்டி, வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் எந்த லைன் என்று பிடிபடும். 16 வருடம் ஸ்டாக் சரிபார்த்த ஆளுக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே இருக்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளில் இந்த வேலைக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

பணக் கணக்குக்கு வருவோம். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 என்றால், 15/26 கணக்கில் (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வருடத்துக்கு 15 நாள் சம்பளம்) 16 வருடத்துக்கு கிராஜுவிட்டி சுமார் 1,66,000. பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 வருடம் போதும், உங்களுக்கு அது முடிந்துவிட்டது, 58-ல் வரும். இஎஸ்ஐ நின்றுவிடும் என்பதால் வேலையை விடுவதற்கு முன்பே மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் எலக்ட்ரீஷியன்களும் பதியலாம். கையில் ஒரு வருட வீட்டுச் செலவு தனியாக இருக்கட்டும். பால்காய்ச்சுக்குத் தேதி குறித்த வீட்டில் ராப்பகலாக வேலை இருக்கும். காசு மட்டும் மொய் எண்ணி முடித்த பிறகுதான் வரும். மகள் கல்லூரியில் சேரும் ஜூன் மாதம் அதற்குக் காத்திருக்காது.

சோலார்: வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருவதால் வேலை இருக்கிறது. ஆனால் வெயில் அடிக்கும்வரை பேனலில் கரண்ட் இருக்கும், மெயினை ஆஃப் செய்தாலும் நிற்காது. வீட்டு வயரிங்கே கைவராமல் அதில் கை வைக்கக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பயிற்சிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: நிஜ மாடியில் பேனல் ஏற்றி, இன்வெர்ட்டர் இணைக்கும் வேலையில் என்னை எத்தனை நாள் விடுவீர்கள்? பதில் சான்றிதழைப் பற்றியே சுற்றிச் சுற்றி வந்தால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.