கார்டிஃப் கோட்டைக்குள் காசு கொடுத்துப் போக வேண்டுமா?

லண்டனிலிருந்து ஒரே நாளில் வேல்ஸ் தலைநகர் கார்டிஃப் போய் வருகிறேன், நகர நடுவில் இருக்கும் கோட்டையை வெளியே நின்று பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நாங்கள் போனபோது புல்வெளி வரை இலவசமாகவே விட்டார்கள். ஆனால் டிக்கெட் எடுத்தால்தான் சுற்றுமதிலின் உள்ளே ஓடும் நடைவழிக்குள் இறங்கலாம்.

முதலில் அந்த மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடிப்பகுதியில் சிவப்புக் கல்லை வரிசையாகப் பதித்திருப்பார்கள். அதற்குள் அடங்குவது ரோமர் கட்டிய பழைய சுவர். அதற்கு மேலே இருப்பது, கோட்டையின் சொந்தக்காரர்களாக இருந்த பியூட் பிரபு குடும்பம் பின்னர் எழுப்பியது. கையை வைத்துப் பார்த்தாலே கல்லின் வித்தியாசம் தெரியும்.

அந்தப் புது மதிலுக்குள் நீளமாக ஒரு நடைவழி போகிறது. இரண்டாம் உலகப் போரில் 1,800 பேர் வரை பதுங்க இடம் செய்திருந்தார்கள். அம்மாவோடு போயிருந்தேன். உள்ளே போர்க்காலச் சத்தங்களை ஒலிபரப்புகிறார்கள். சைரன் எழும்பியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு ஒரு பங்கர் இருந்தது. பொம்பர் விமானச் சத்தம் கேட்டால் என்னைத் தூக்கிக்கொண்டு அதற்குள் ஓடியவர் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "இஞ்சை நிமிர்ந்து நிக்கலாம் தம்பி. எங்கட பங்கருக்குள்ளை குந்தித்தான் இருந்தம்" என்றார். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகள் எல்லாவற்றையும் என்னை வாசித்துச் சொல்லச் சொன்னார்.

அப்புறம் மாளிகை. நிலக்கரியாலும் துறைமுகத்தாலும் பெரும் செல்வம் சேர்ந்த மூன்றாம் பியூட் பிரபு, வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1860களிலிருந்து இழைத்த அறைகள் அவை. அரபு அறையில் அண்ணாந்து பாருங்கள், கூரை முழுக்கத் தங்கத் தகடு. விருந்து மண்டபத்துக் கணப்பில் ஒரு சிறு சிற்பம் உண்டு: கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும். இங்கே சிறையிருந்து 1134இல் இறந்த நார்மண்டி கோமகன் ராபர்ட்தான் அது.

கோட்டைக்குள்ளேயே மேட்டின் மேல் நிற்கும், நார்மன்கள் கட்டிய 12 பக்கக் கோபுரத்துக்குப் படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம், பெரிதாக ஒன்றும் குறையாது.

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதில் அரை மணி நேரம் அந்த மதிலுக்குள் இருக்கட்டும்.