படகுக் கொட்டகை: காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரி அணையில் மீன்பிடிக்க 16 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். வெயிலில் கிடந்து வெளுத்துவிட்டது. தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது. வீட்டுப் பக்கத்தில் குறைந்த செலவில் கொட்டகை போட என்னென்ன வாங்க வேண்டும்? பட்டறையில் நாலு கால் போதும் என்கிறார்கள்.
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நாலு கால் போதாது, ஆறு வேண்டும். 18 அடி தூரத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் ஓடும் சின்ன பைப் ஒரே வருஷத்தில் தொய்ந்துவிடும்.

கொட்டகையைச் சாய்ப்பது மழை இல்லை, கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று. பக்கங்கள் திறந்த கூரையை அது அடியிலிருந்து தூக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம் தரும். உங்கள் கூரை சுமார் 19 சதுர மீட்டர் வரும். தூக்கும் விசை 900 கிலோவை நெருங்கும். தகடும் சட்டமும் சேர்ந்து 250 கிலோகூடத் தேறாது. மீதியைப் பிடித்து நிறுத்துவது குழியில் போடும் கான்கிரீட்தான். அதனால் மிச்சம் பிடிப்பதை வேறு எங்கே வேண்டுமானாலும் பிடியுங்கள், குழியில் வேண்டாம்.

அளவை பைப்பின் நீளத்துக்கு ஏற்ப வைத்தால் வெட்டி வீணாவது குறையும். கடையில் 20 அடி என்று சொல்லும் பைப் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம். 2 அங்குலச் சதுர பைப், 2 மில்லிமீட்டர் கனத்தில் 5 வாங்குங்கள். மூன்றை 10 அடி 4 அங்குலம், 9 அடி 4 அங்குலம் என்று வெட்டினால் உயரமான கால் மூன்று, குட்டையான கால் மூன்று கிடைக்கும். மற்ற இரண்டைப் பாதியாக வெட்டினால் குறுக்குச் சட்டம் மூன்று, மீதித் துண்டு காலுக்கும் சட்டத்துக்கும் இடையே சாய்வுத் தாங்கலுக்கு. கால் வரிசைகளுக்கு நடுவே 8 அடி, ஒரு வரிசைக்குள் காலுக்குக் கால் 9 அடி. மேலே நீளவாக்கில் 2-க்கு 1 அங்குல பைப், 1.6 மில்லிமீட்டர் கனத்தில் 4, தாங்கலுக்கு இன்னொன்று. இதைப் படுக்க வைக்காமல் 2 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு தொய்யும்.

குழி ஒவ்வொன்றும் ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம். ஆறு குழிக்கும் 1:2:4 கலவையில் சிமென்ட் 6 மூட்டை, எம்-சாண்ட் 15 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 30 கன அடி ஆகும். காலின் அடியில் ஒரு அடி நீளக் கம்பியைக் குறுக்கே வெல்டிங் வைத்து, 2 அடி உள்ளே இறக்குங்கள். அப்போதுதான் கால் கான்கிரீட்டைவிட்டு உருவிக்கொண்டு வராது. தரைக்கு மேல் 4 அங்குலம் கான்கிரீட்டை ஏற்றிச் சரிவாகப் பூசிவிடுங்கள். பைப் துருப்பிடித்து ஒடிவது பெரும்பாலும் மண்ணைத் தொடும் அந்த இடத்தில்தான். பைப்பின் திறந்த முனைகளையும் அடைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். நம் பக்கத்தில் ஒரு அடியிலேயே பாறை தட்டும் இடங்கள் உண்டு. அங்கே அரைகுறை ஆழத்தோடு விடாதீர்கள். பாறையில் துளை போட்டு, முறுக்குக் கம்பியைச் சிமென்ட் பாலில் பதித்து, அதை வைத்துக் கான்கிரீட் கட்ட வேண்டும்.

தகடு 0.45 மில்லிமீட்டர் கலர் ஷீட், பத்தரை அடி நீளத்தில் 6 போதும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மீட்டர் மூடும். ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூ 100 வாங்கி, தகட்டின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அங்கேதான் ஒழுகும். தாழ்ந்த பக்கம் மேற்கே இருக்கட்டும். ஆடிக்காற்று கூரையை அமுக்கும். உயர்ந்த பக்கம் மேற்கே இருந்தால் காற்றை வாரி உள்ளே வாங்கும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்து வைப்பதும் ஆபத்து. புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைத்தான் தள்ளும்.

படகை முன்பக்கம் அரை அடி உயர்த்தி, அடி நடுவில் மூன்று மரக்கட்டைகள் கொடுத்து, வடிகால் அடைப்பைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: தார்ப்பாய் போட்டு மூடினால் போதாதா?
- வாசகர், பாரூர்

பதில்: ஒரு பருவத்துக்குப் போதும். படகோடு ஒட்டி இறுக்கிக் கட்டாதீர்கள்; உள்ளே ஈரம் தங்கி மேல்பூச்சு கொப்புளம் விடும். நடுவில் ஒரு பைப்பைக் கூரை முகடு போல ஓட்டி, இருபுறமும் சரிவாக இழுத்துக் கட்டி, கீழே ஒரு அடி காற்று போக விடுங்கள். தொய்வு விட்டால் ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 100 கிலோ. மூடாமலே விட்டால் ஒரு அங்குல மழைக்கு இந்த அளவுப் படகில் சுமார் 150 லிட்டர் நிற்கும். பச்சை நிழல்வலை வெயிலைத்தான் குறைக்கும், மழையைத் தடுக்காது.

கேள்வி: எங்களிடம் இருப்பது பரிசல். அதற்கும் தகரக் கொட்டகையா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: வேண்டாம். தகரத்தின் அடியில் இறங்கும் சூட்டில் பரிசலுக்குப் பூசிய தார் இளகும். 10 அடிச் சதுரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் சிறந்தது, செலவும் குறைவு. கால்களுக்கு வேலி போடும் கருங்கல் தூணே போதும். கல் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இடியைத் தாங்காது. வண்டி திரும்பும் பக்கம் நடாதீர்கள். பரிசலைக் கவிழ்த்து, தரையைத் தொடாமல் கல் மேல் வையுங்கள். மூங்கிலுக்குக் கரையான் மண்ணிலிருந்துதான் ஏறும்.

கேள்வி: 0.45 என்று சொல்லிக் கொடுத்த தகடு, அளந்தால் 0.35 இருக்கிறது. கடை பெங்களூரில். என்ன செய்யலாம்?
- வாசகர், ஓசூர்

பதில்: பில்லில் கனம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "கலர் ஷீட் 6" என்று மட்டும் இருந்தால் நிரூபிப்பது கஷ்டம். பில்லில் கனமும் பூச்சின் அளவும் இருந்தால், தகட்டின் ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் படம் எடுத்து, மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியது என்று கடைக்காரர் வாதாடினால் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரும் சட்டத்தில் நுகர்வோர்தான்.

பைப்புக்கு மைக்ரோமீட்டர்கூட வேண்டாம், தராசு போதும். 2 அங்குலச் சதுர பைப் 2 மில்லிமீட்டர் கனத்தில் 6 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 18 கிலோ இருக்கும். பதினாலரை கிலோ காட்டினால் உங்களுக்குக் கொடுத்தது 1.6, வண்டியில் ஏற்றும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.