கள்ளிச்செடி பார்க்க டிக்கெட் எடுத்துப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில், அரிசோனாவின் பீனிக்ஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். நவம்பரில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். இங்கே பாலைவனத் தாவரவியல் பூங்காக்களில் இலையுதிர் கால நிகழ்ச்சிகள், வழிகாட்டியோடு நடை என்றெல்லாம் விளம்பரம் வருகிறதே, கூட்டிப் போகலாமா, இல்லை வெறும் கள்ளிச்செடிதானா?

பதில்:

தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த வாரம் போகிறீர்கள், யார் பின்னால் நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அது சரியாக அமையாவிட்டால் உங்கள் அப்பா என்ன கேட்பார் என்று எனக்கு இப்போதே தெரியும்: "இதுக்கா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தே, நம்ம கண்மாய்க் கரையில இல்லாத கள்ளியா?"

முதலில் காலம். இலையுதிர் காலம் என்றதும் அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கத்துக் காலண்டர் படம்தான் நமக்கு ஞாபகம் வரும், அக்டோபரிலேயே மலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக. இங்கே அக்டோபர் என்பது கோடையின் வால். 2023இல் ஜூன் கடைசி நாளில் ஆரம்பித்து பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லை, செல்சியஸில் 43. நாலு மாசம் ஏசிக்குள் அடைந்து கிடக்கிற ஊர் அக்டோபர் நடுவில்தான் வெளியே தலைகாட்டும், அதனால்தான் பூங்காக்காரர்கள் செடி விற்பனை, வண்ணத்துப்பூச்சிக் கூடம், பறவை நடை, பாட்டுக் கச்சேரி என்று எல்லாவற்றையும் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் திணித்து வைக்கிறார்கள். (செடி விற்பனை அக்டோபரில் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஊரில் செடி நட வேண்டிய காலமே அதுதான், குளிர்காலம் முழுக்க வேர் இறங்கிவிட்டால்தான் அடுத்த கோடையைத் தாங்கும்.) இலை நிறம் மாறுவதைப் பார்க்க இன்னும் பொறுக்க வேண்டும். நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, அதாவது தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி. அதனால் அப்பா அம்மா நவம்பர் ஆரம்பத்தில் வந்து இறங்கினால் உடனே கிளப்பிவிடாதீர்கள், ஜெட்லாக்கும் தீரட்டும், மரமும் சிவக்கட்டும்.

பீனிக்ஸுக்குள்ளேயே பாப்பகோ பூங்காப் பகுதியில் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் இருக்கிறது, 1939இல் திறந்தது. பக்கத்திலேயே இருக்கிறது, பாதையும் நன்றாக இருக்கும், வயதானவர்களுக்குச் சிரமமில்லை. காகிதப் பைக்குள் மெழுகுவத்தி ஏற்றிப் பாதை நெடுக வைக்கிற லூமினாரியா இரவுகளை 1978இலிருந்து நடத்துகிறார்கள், நம் கார்த்திகை தீபத்தை ஒட்டி வருவதால் அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். கூட்டம் மட்டும் சொல்லி மாளாது.

ஆனால் என் ஓட்டு பாய்ஸ் தாம்சன் ஆர்பரீட்டம் என்ற தாவரப் பூங்காவுக்குத்தான். பீனிக்ஸிலிருந்து கிழக்கே 60ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம், சுப்பீரியர் என்ற பழைய செம்புச் சுரங்க ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2400 அடி, பீனிக்ஸைவிட இரண்டு மடங்கு உயரம், அதனால் ஸ்வெட்டர் தேவைப்படும். முதுகுக்குப் பின்னால் பிக்கெட்போஸ்ட் மலை செங்குத்தாக நிற்கும், நடுவில் குவீன் க்ரீக் ஓடை. செம்பில் கோடி கோடியாகச் சம்பாதித்த வில்லியம் பாய்ஸ் தாம்சன் 1920களில் உண்டாக்கிய இடம் இது. 1917இல் செஞ்சிலுவைச் சங்கக் குழுவோடு ரஷ்யாவுக்குப் போனவர், புரட்சியும் பசியுமாகக் கிடந்த நாட்டைப் பார்த்துவிட்டு, மனுஷன் பிழைப்பது கடைசியில் செடிகொடியை நம்பித்தான் என்ற முடிவோடு திரும்பினார் என்பார்கள். நியூயார்க் பக்கம் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையம், இங்கே இந்தப் பூங்கா, இரண்டும் அப்படி வந்தவை. அரிசோனா செடி மட்டுமில்லாமல் ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, மெக்சிகோ என்று வறண்ட பூமியில் வளர்கிற எல்லாவற்றையும் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். 1926இல் நட்ட ஒரு ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் இன்றைக்கு அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலிக்கிற உயரத்தில் நிற்கிறது, அதற்கு 'மிஸ்டர் பிக்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, நடைக்கு வருகிறேன். பெரும்பாலும் வார இறுதிக் காலைகளில் இருக்கும். பறவைக்கு ஒன்று, வண்ணத்துப்பூச்சிக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, தின்னக்கூடிய மற்றும் மருந்துச் செடிகளுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும். சிலவற்றுக்கு நுழைவுச்சீட்டே போதும், சிலவற்றுக்குத் தனியாகப் பதிய வேண்டும், கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். தனியாக நடந்தால் அரை மணியில் தாண்டிவிடுகிற இடத்தை இவர்களோடு ஒன்றரை மணி நேரம் நடப்பீர்கள்.

உதாரணத்துக்குக் கிரியோசோட் புதர். பார்க்க ஒன்றுமே இல்லை, ஆள் உயரம், சின்னச் சின்னதாகப் பளபளக்கிற இலை, யாரும் நின்று போட்டோ எடுக்க மாட்டார்கள். நாங்கள் போன நடையில் வழிகாட்டி அம்மாள் ஒரு கொப்பை ஒடிக்காமல் அப்படியே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி, 'ஹா' என்று வாய்க்காற்றை ஊதி, இப்போது முகர்ந்து பாருங்கள் என்றார். மழை! இங்கே ஜூலை, ஆகஸ்டில் மழை இறங்குவதற்கு முன்னால் அடிக்குமே, மண் வாசனையும் கற்பூரமும் லேசாகத் தாரும் கலந்த மாதிரி, அதே வாசனை. தண்ணீர் ஆவியாகிவிடாமல் இருக்க இலைமேல் ஒரு பிசின் பூச்சு உண்டாம், ஈரம் பட்டதும் அந்த எண்ணெய் வாசனை கிளம்புகிறது. வரிசையில் நின்ற எல்லோரும் ஆளுக்கொரு கொப்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தோம், தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரக் கூட்டமாகத் தெரிந்திருக்கும்.

அப்புறம் சப்பாத்திக்கள்ளி. மடல்மேல் அங்கங்கே வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும், ஏதோ பூஞ்சை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அந்த அம்மாள் ஒரு குச்சியால் அதைச் சுரண்டி வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தார், ரத்தச் சிவப்பு. பஞ்சுக்குள் இருப்பது கொச்சினீல் பூச்சி. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றி ஐரோப்பிய ராஜாக்களின் உடைக்குச் சாயம் போட்டது இதில்தான், இன்றைக்கும் சில உணவுகளிலும் உதட்டுச் சாயத்திலும் கலக்கிறார்கள். இது வரைக்கும் அவர் சொன்னார். அவர் சொல்லாத மிச்சக் கதை நம்முடையது. இந்தச் சாய வியாபாரத்தில் பங்கு கேட்டுத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கள்ளியையும் பூச்சியையும் சென்னையில் வளர்க்கப் பார்த்தது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் அதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டிருந்தார். சாயம் கைகூடவில்லை. கள்ளி மட்டும் காடு, மேடு, வேலி என்று பரவிக்கொண்டே போய், 1920களில் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொச்சினீல் பூச்சியை விட்டுத்தான் தென்னிந்தியாவில் அதை அடக்கினார்கள். இதை நான் சொன்னதும் வழிகாட்டி அம்மாள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நம் ஆட்களை அங்கே நிஜமாகவே நிறுத்தி வைக்கிற மரம் மெஸ்கீட். நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி, அதே மரம் இல்லை, ஆனால் இலை, முள், காய் எல்லாம் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எங்கள் பெரியப்பா ராமநாதபுரத்துக்காரர். மரத்தையும் அதன் பெயர்ப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க ஊர்ல இதை வேரோட பிடுங்க ஜேசிபி வாடகைக்கு எடுக்கிறோம்டா, இவன் பேர் எழுதி போர்டு வச்சிருக்கான்!" வழிகாட்டி என்ன விஷயம் என்று கேட்க, நான் மொழிபெயர்த்தேன், கூட்டமே சிரித்தது. இங்கே அதன் காயைக் காயவைத்து மாவாக அரைக்கிறார்கள், லேசான இனிப்பு, பழங்குடி மக்களுக்கு அது பல நூறு வருஷத்துச் சாப்பாடு. விறகைப் பொறுத்தவரை இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது, அங்கே கரிமூட்டம், இங்கே இறைச்சி வாட்ட. வழிகாட்டி ஒரு காய்ந்த காயை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்து, அதிலிருந்த குண்டூசித் துளைகளைக் காட்டினார். விதையைத் தின்று வெளியே வருகிற வண்டு போட்ட ஓட்டை. கூடவே வளர்ந்த வண்டும் விலங்கும் இப்படித் தின்று தீர்ப்பதால் சொந்த மண்ணில் அது அடங்கிக் கிடக்கிறது என்றார். பெரியப்பா அந்தக் காயைச் சட்டைப்பையில் போடப் போனார், நான் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டேன். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது, அதுவும் விதையை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

தூண் மாதிரி உயரமாக நிற்கிற சகுவாரோ கள்ளி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லா வாழ்த்து அட்டையிலும் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் முதல் கை முளைக்கவே பொதுவாக 50 முதல் 75 வருஷம் ஆகும். கை இல்லாத ஒரு சகுவாரோவைக் காட்டி இதன் வயது என்ன இருக்கும் என்று அப்பாவிடம் கேளுங்கள், ஐந்து என்றோ பத்து என்றோதான் சொல்வார்.

நிகழ்ச்சிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது கழுகுகளை வழியனுப்பும் காலை, ஆனால் அது செப்டம்பரில், உங்கள் அப்பா அம்மாவுக்குக் கிடைக்காது. சிவந்த மொட்டைத் தலையோடு இருக்கிற டர்க்கி வல்ச்சர், பிணந்தின்னிதான், கோடை முழுக்க இந்தப் பூங்காவின் யூகலிப்டஸ் மரங்களில் தங்கிவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே கிளம்பிவிடும். விடிகாலையில் பாறை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து இறக்கையை முழுசாக விரித்து வெயிலில் காய வைக்கும். மார்ச்சில் திரும்பி வரும்போது வரவேற்பு விழாவும் உண்டு. பிணந்தின்னிக் கழுகுக்கு விழா எடுக்கிற ஊர், அடுத்த வருஷம் நீங்களாவது போய்ப் பாருங்கள்.

வண்ணத்துப்பூச்சி அக்டோபரில் அமோகம், நவம்பர் ஆரம்பம் வரைகூட ஓரளவு கிடைக்கும். நீலப் பூப் பூக்கிற மிஸ்ட்ஃப்ளவர் செடியைத் தேடிப் போங்கள், ஆரஞ்சு நிற 'குவீன்' பூச்சிகள் மொய்த்துக் கிடக்கும். பெரும்பாலும் ஆண்தான். பெண்ணைக் கவர்கிற வாசனையைத் தயாரிக்க அந்தப் பூவில் இருக்கிற ஒரு ரசாயனம் வேண்டுமாம், அதனால் சென்ட் கடையில் கூடுகிற மாதிரி கூடியிருக்கும்.

நவம்பர் கடைசிக்கு முக்கியமான இடம் ஓடைப் பக்கத்துச் சீனப் பிஸ்தா மரத்தோப்பு. நாம் சாப்பிடுகிற பிஸ்தா இல்லை, அதன் உறவு, மாமரத்தின் குடும்பமும் அதுதான். ஒரே மரத்தில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, கொத்துக் கொத்தாகக் குட்டிக் காய் தொங்கினால் பெண். தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில் கச்சேரி எல்லாம் வைத்து இதை ஒரு திருவிழாவாகக் கொண்டாடுவது வழக்கம், எனக்கு அந்தக் கூட்டம் ஒத்துவராது, பார்க்கிங் கிடைப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். முடிந்தால் அதற்கடுத்த வாரம் ஒரு வேலை நாளில் போங்கள், அதே மரம், அதே சிவப்பு, பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். வேலை நாளில் நடை இல்லாவிட்டால் சனிக்கிழமை காலை திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். முக்கியப் பாதை சுமார் ஒன்றரை மைல், மேடு பள்ளம் உண்டு, முட்டி வலி இருப்பவர்கள் மேல்பக்கம் ஏறுகிற பாதையை விட்டுவிட்டு ஓடைப் பக்கமே சுற்றினால் போதும். செருப்பு வேண்டாம், ஷூ. பையில் ஒரு சீப்பு போட்டுக்கொள்ளுங்கள், தலை வாருவதற்கு இல்லை, சோய்யா (cholla) என்ற கள்ளி லேசாக உரசினாலே துண்டு கழன்று துணியில் ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கையில் ஏறும், சீப்பை நடுவில் விட்டு நெம்பினால் தெறித்துவிடும். அம்மாவின் சேலைத் தலைப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். சாப்பிட மரத்தடியில் மேசை போட்டிருக்கிறார்கள், நாங்கள் எப்போதும் புளியோதரைதான் கட்டிக்கொண்டு போவோம்.

திரும்பும்போது மட்டும் நேரத்தைப் பாருங்கள். நவம்பர் கடைசியில் ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும், பீனிக்ஸுக்கு நேர் மேற்கே ஓட்டுகிறீர்கள், நாலரைக்கு மேல் கிளம்பினால் வழி நெடுக வெயில் கண்ணில் குத்தும். நான்கு மணிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுப்பீரியரில் ஒரு காபி குடித்து இருட்டிய பிறகு கிளம்புங்கள்.