நகரக் காற்றில் கரிமக் கந்தகம்: கேள்வி பதில்

காற்றுத்துகள் ஆய்வகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்று, இப்போது நாகர்கோவிலில் வசிக்கிறேன். அளக்கும் முறை பற்றிய கேள்விகளுக்கே இங்கு பதிலளிக்கிறேன்; உடல்நலக் கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

வடசேரி ஆய்வு மாணவி: ஐயா, நகரின் நுண்துகள்களில் உள்ள கரிமச் சல்பேட்டுகளை (கார்பன் சேர்மத்துடன் பிணைந்த சல்பேட்டுகளை) அளக்க வேண்டும். எங்கள் கல்லூரியில், கரைசலிலுள்ள அயனிகளைப் பிரித்தளக்கும் அயனி குரோமட்டோகிராஃபி மட்டுமே உள்ளது. போதுமா?

போதாது. அக்கருவி கனிமச் சல்பேட்டை நன்றாகக் காட்டும். கரிமச் சல்பேட்டுகளுக்கு நீர்ம குரோமட்டோகிராஃபியுடன் இணைந்து எதிர்மின் அயனி முறையில் இயங்கும் நிறை நிறமாலைமானி (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) தேவை. மூலக்கூறு உடையும்போது 97 என்ற நிறையில் தெரியும் ஹைட்ரஜன் சல்பேட் அயனியே இவ்வினத்தின் அடையாளம். மரங்கள் வெளிவிடும் ஐசோபிரீனிலிருந்து உருவாகும் முக்கியச் சேர்மம் 215இல் தெரியும். ஆனால் அது நீரை மிகவும் விரும்புவதால், வழக்கமான பிரிப்புக் குழலில் தங்காமல் கனிமச் சல்பேட்டுடன் சேர்ந்தே முதலில் வெளியேறிவிடும். அதற்கு நீர்விரும்பும் வகைக் குழலைக் கேட்டு வாங்குங்கள்.

கருவியைவிட மாதிரி சேகரிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். குவார்ட்ஸ் வடிதாளை 550 பாகை செல்சியஸில் சில மணி நேரம் சுட்டபின்பே பயன்படுத்துங்கள். நிமிடத்திற்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு நாள் இழுத்தால் ஏறத்தாழ 24 கனமீட்டர் காற்று வடிதாளைக் கடந்திருக்கும். அக்காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு, தாளில் ஏற்கெனவே படிந்த பொருள்களுடன் வினைபுரிந்து, காற்றில் இல்லாத கரிமச் சல்பேட்டுகளைத் தாளின் மேலேயே உருவாக்கக்கூடும். எனவே அவ்வாயுவை முன்னதாகவே உறிஞ்சிக்கொள்ளும் குழாயை நுழைவாயிலில் பொருத்துங்கள். காற்று இழுக்காத பிளாங்க் வடிதாள்களையும் அதே இடத்திற்குக் கொண்டுசென்று திரும்பக் கொண்டுவாருங்கள். பிளாங்க் இல்லாத எண்ணை நான் படிப்பதில்லை.

மார்த்தாண்டம் விவசாயி: ரப்பர் என்பது ஐசோபிரீன்தான் என்கிறார்கள். எங்கள் தோட்டமும் இந்தக் கரிமச் சல்பேட்டுகளுக்குக் காரணமா?

பாலில் இருப்பது ஐசோபிரீன் அலகுகளால் ஆன சங்கிலி. ரப்பர் இலையோ பெரும்பாலும் மோனோடெர்பீன்களையே (இரண்டு ஐசோபிரீன் அலகுகள் கொண்ட ஆவிகளை) வெளிவிடுகிறது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சல்பேட்டும் அவற்றுடன் சேர்ந்தால் நிறை 294இல் தெரியும் ஒரு சேர்மம் உருவாகலாம். மரத்தின்மேல் பழி போடாதீர்கள். ஷீட் கூடத்தின் நாற்றத்திற்குப் பெரும்பாலும் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களே காரணம். அது வேறு துறை.

தேங்காப்பட்டணம் வாசகர்: கதம்பை (தேங்காய் மட்டை) அழுகவிடும் காயலோரத்து நாற்றத்தை, கையடக்க ஹைட்ரஜன் சல்பைடு மானியால் அளக்கலாமா?

அந்த மானி மெர்காப்டன்கள் எனும் நாற்றமுள்ள கரிமக் கந்தகச் சேர்மங்களுக்கும் ஓரளவு அசையும். எதை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மெத்தில் மெர்காப்டனோ உலோகச் சுவர் பட்டாலே டைமெத்தில் டைசல்பைடாக மாறக்கூடியது. ஆகவே உட்புறம் சிலிக்கா பூசிய கலனில் பிடித்து விரைந்து பகுத்தறிய வேண்டும். கந்தகத்தைச் சுடரில் எரித்து எழும் ஒளியால் அளக்கும் சுடரொளி உணரியில் கந்தகம் இருமடங்கானால் குறிகை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதையும் மறவாதீர்கள்.

குப்பைக் கிடங்கருகே வசிப்பவர்: விலை குறைந்த மானி ஒன்றைச் சொல்லுங்கள்.

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

குளச்சல் மாணவர்: எங்கள் மாதிரியில் மீத்தேன்சல்போனிக் அமிலம் உள்ளது. நகர மாசுதானே?

பெரும்பாலும் கடல். மிதவை நுண்ணுயிர்களிலிருந்து எழும் டைமெத்தில் சல்பைடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அந்த அமிலமாகிறது. சல்பேட்டிலும் கடலுப்பின் பங்கைக் கழியுங்கள்: சோடியத்தின் எடையை 0.25ஆல் பெருக்கினால் அப்பங்கு கிடைக்கும். பிளாங்க்கை முதலில் கழித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

தக்கலை ஆசிரியர்: இவ்வளவு செலவு எதற்கு? ஊடுகதிர் (எக்ஸ்ரே) ஒளிர்வால் மொத்தக் கந்தகத்தை அளந்து, சல்பேட்டின் எடையில் கந்தகமாக உள்ள மூன்றிலொரு பங்கைக் கழித்தால் மீதி கரிமக் கந்தகம்தானே?

கணக்கு சரி, பயன் குறைவு. கனமீட்டருக்கு மொத்தக் கந்தகம் 2.0 மைக்ரோகிராம், சல்பேட் 5.7 என்று வைத்துக்கொள்வோம். மீதி 0.1. இரண்டு அளவீட்டிலும் ஐந்து விழுக்காடு பிழை இருந்தால், விடையின் பிழை ஏறத்தாழ 0.14, விடையைவிடப் பிழை பெரிது.

தக்கலை ஆசிரியர்: ஐம்பது மாதிரிகளின் சராசரி எடுத்தால் பிழை குறையாதா?

தற்செயல் பிழை குறையும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை ஐந்நூறு மாதிரிகளிலும் அப்படியே நிற்கும். மேலும், ஃபார்மால்டிஹைடும் கந்தக டை ஆக்சைடும் நீர்த்துளியில் சேர்ந்து உருவாகும் ஹைட்ராக்சிமீத்தேன்சல்போனேட்டைச் சில பிரிப்புக் குழல்கள் சல்பேட்டாகவே காட்டிவிடும். அப்போது உங்கள் மீதி இன்னும் சுருங்கும். பெய்ஜிங்கின் குளிர்கால மூட்டத்தில் இந்தக் குழப்பம் பெரிதாகப் பேசப்பட்டது. அத்தகைய குளிர் நம் ஊரில் இல்லாததால் இங்கு அது சிறிதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

தக்கலை ஆசிரியர்: எங்கள் மீதி 0.1 அல்ல, 0.6. அதுவும் எல்லா மாதிரிகளிலும் எதிர்மறையாக வருகிறது.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எந்த வடிதாளில் ஊடுகதிர் பாய்ச்சினீர்கள்?

தக்கலை ஆசிரியர்: உங்கள் பதிலில் உள்ள அதே குவார்ட்ஸில்.

குவார்ட்ஸ் தாளுக்குள் துகள் ஆழமாக இறங்கும். கந்தகத்தின் மென்மையான ஊடுகதிரை இழைகளே விழுங்கிவிடும். மொத்தக் கந்தகம் குறைந்து தெரிவது அதனால்தான். ஊடுகதிர் அளவீட்டுக்கு டெஃப்லான் வடிதாளில் இணையாகப் பத்து மாதிரிகள் எடுத்து, மூன்று பிளாங்க்குகளுடன் அளந்துவிட்டு எழுதுங்கள்.