பழைய வீட்டு முதிரை நிலையின் வயதை ஒட்சிசன் சொல்லுமா?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் பூட்டனாரின் வீட்டைப் பிரித்தோம். முதிரைக் கதவு நிலையும் கூரையின் பனை வளைகளும் கிடக்கின்றன. மர வளையத்து ஒட்சிசனை வைத்து வீடு கட்டிய ஆண்டைச் சொல்லலாமாமே, உண்மையா?

பனை வளைகளை ஒதுக்கிவிடுங்கள். பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது. முதிரையைப் பற்றிப் பேசலாம், ஆனால் இப்போதைக்கு ஆண்டு கிடைக்காது.

பலர் இதைக் காபன் 14 போல நினைக்கிறார்கள். காபன் 14 சிதைந்துகொண்டே போகும்; மிச்சத்தை அளந்து காலம் கணக்கிடுவார்கள். ஒட்சிசன் 18 சிதையாது. ஆயிரம் ஒட்சிசன் அணுவில் இரண்டளவில் இருக்கும் பாரமான சமதானி (அதே ஒட்சிசன்தான், அணுவின் எடை மட்டும் கூட) அது. மாரி கொட்டித் தீர்த்த வருடம் மழைநீரில் அது குறையும். மழை பொய்த்து இலையிலிருந்து நீர் கூடுதலாக ஆவியானால், இலையில் மிஞ்சும் நீரில் அது கூடும். இந்த ஏற்ற இறக்கம் அந்தந்த வருடத்து வளையத்தின் செலுலோசில் பதிந்துவிடுகிறது. வயது தெரிந்த மரங்களிலிருந்து தொடுத்த நீண்ட வரிசை ஒன்றோடு உங்கள் மரத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பொருத்தினால்தான் ஆண்டு வரும். வரிசை இல்லாவிட்டால் அளந்த எண்கள் சும்மா எண்கள்தான்.

மத்திய இங்கிலாந்துக்கு ஓக் மரங்களை வைத்து 1200 முதல் 2000 வரை அப்படியொரு வரிசையை 2019இல் வெளியிட்டார்கள். சுவான்சி பல்கலைக்கழகத்து நீல் லோடர் குழுவின் வேலை. வேல்சில் லூயின் கெலின் என்ற பழைய வீடு 1420ஐச் சேர்ந்தது என்று சொன்னதும் இந்த முறைதான். வளையங்களின் அகலத்தை ஒப்பிட்டு ஆண்டு சொல்ல முடியாத மரங்களிலும் இது பொருந்திவந்தது. அதுதான் இதன் பெருமை.

வன்னியில் அப்படியொரு வரிசையைச் செய்வதென்றால் நான் தேக்கிலிருந்து தொடங்குவேன். வளையம் தெளிவு, வன இலாகா நட்ட வருடமும் பதிவில் இருக்கும். வளையம் மங்கிய மரங்களில் குறுக்கே மெல்லிய சீவல்களாக எடுத்து அளந்து, மாரிக்கும் கோடைக்கும் இடையே ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். புயல் மழையில் பாரமான ஒட்சிசன் மிகவும் குறைவு என்பதால், 1964 டிசம்பர் புயல் நல்ல அடையாளமாகக் கிடைக்க வாய்ப்புண்டு. இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது: போரில் ஷெல் துண்டு ஏறிய மரங்கள். மரம் அரியும் ஆலைக்காரருக்கு அவை தலையிடி, வாள் போய்விடும். ஆனால் துண்டு பட்ட வருடம் ஊருக்கே தெரியும். காயத்துக்கு வெளியே உள்ள வளையங்களை எண்ணிப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு வளையமா என்பது விளங்கிவிடும்.

காபன் 14க்கு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட மரத்துக்கு அது ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களைக் காட்டும். பூட்டனார் காலத்துக்குக் காசு செலவழிப்பது வீண்.

நிலையைச் சீவிப் பொலிஷ் அடிக்க மட்டும் விடாதீர்கள். தச்சர் வெளிறை (பட்டையை அடுத்த வெளி மரத்தை) செதுக்கி வைரத்தை (உள் மரத்தை) மட்டும் வைத்திருந்தால் கடைசி வளையங்கள் போயிருக்கும். வெட்டிய வருடம் தெரியாது, மிஞ்சிய கடைசி வளையத்துக்குப் பிந்தியது என்று மட்டும் சொல்லலாம். மூலையில் எங்காவது பட்டையோ வெளிறோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டை மழை படாத இடத்தில் வையுங்கள்.