நொய்யல் கரைக் குளத்துக்கு ஊர்க்குழு அமைக்க முடியுமா?

கடலோர ஊர்களில் மீன்வளம் காக்கக் குழு வைக்கிற மாதிரி நம்ம கொங்குக் குளத்துக்கும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம், சட்டமும் ஒன்றுதான்: 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தாக வேண்டும்.

கிராம சபையில் முதலில் இதைக் கேளுங்கள், ஏனென்றால் குழு ஏட்டளவில் ஏற்கனவே இருக்கலாம். ஆள் போடும்போது வலை வீசுகிறவர், கரையில் ஆடு மேய்க்கிறவர், பெண்கள் எல்லோரும் கட்டாயம் இருக்கட்டும். குளத்தை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

அப்புறம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை, அதாவது ஊரிலுள்ள உயிரினங்களைப் பற்றி ஊர்மக்கள் சொல்வதைப் பதியும் ஏட்டை, எழுத ஆரம்பியுங்கள். கெண்டை, விரால், கெளுத்தி எங்கே எப்போது முட்டையிடுகிறது என்பது அதில் வர வேண்டும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருப்பதுபோல, புதுத்தண்ணி வந்து மீன் எதிரேறும் நாட்களில் வாய்க்கால் முகப்பில் வலை கட்டக் கூடாது என்று ஊரே தீர்மானம் போடலாம். சாயத்தண்ணி வந்தால் தேதியோடு படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.