குலசேகரம் பக்கம் ஒரு நாள் போதுமா?

நாகர்கோவிலில் தங்கி ஒரே நாளில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்க மலையோரம் சுற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். வெயில் ஏறும் முன்பே மாத்தூர் தொட்டிப்பாலம் போய்விடுங்கள். மேலே நிழலே கிடையாது. பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கிய தொட்டியில் பாசனத் தண்ணீர் போகிறது. நடுவில் நின்று எட்டிப் பார்த்தால் தென்னை உச்சிகள் காலுக்குக் கீழே தெரியும். அதற்காகவே போகலாம்.

அடுத்து திற்பரப்பு அருவி. அக்டோபர், நவம்பரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பேச்சிப்பாறை அணையில் உபரி நீரைத் திறந்தால், இங்கே வெயிலடித்தாலும் வெள்ளம் வரும், குளிக்க விடமாட்டார்கள்.

மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினால் அட்டை கடிக்கும். பிய்த்து இழுக்காதீர்கள், வாய்ப்பக்கம் நகத்தால் தள்ளினாலே விழுந்துவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. கொஞ்ச நேரம் கசிந்தால் பயப்பட வேண்டாம், கழுவி அழுத்திப் பிடியுங்கள். திரும்பும் வழியில் மட்டிப்பழம் (இந்தப் பக்கத்து வாழைப்பழம்) வாங்க மறக்காதீர்கள்.